நீங்க போங்கண்ணே

தம்பி, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசி வைத்த பிறகு உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு மாடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். நீ படிக்கிற நாட்டில் உனக்கு நடந்ததைப் போனில் சொன்னபோது நான், “விடுப்பா, மனசுல வச்சுக்காத” என்றுதான் சொன்னேன். உன் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. அப்பாவிடம் இதைவிட வேறு ஏதோ எதிர்பார்த்திருக்கிறாய் என்று புரிந்தது. அதே வார்த்தைகளை இதற்கு முன்னாலும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் எதையாவது கேட்பாய், நான் அதையே சாக்காக வைத்துப் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். நீயும் உன்னோடு படிக்கிற டேனியல் என்ற வெள்ளைக்காரப் பையனும் ஒரு துணிக்கடைக்குப் போயிருக்கிறீர்கள். இரண்டு பேர் தோளிலும் பை. வெளியே வரும்போது வாசலில் நின்ற காவலாளி உன்னை மட்டும் நிறுத்தியிருக்கிறான். பையைத் திறக்கச் சொல்லி, புத்தகம், சாப்பாட்டு டப்பா, துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்திருக்கிறான். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். டேனியலின் பையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டேனியல் தள்ளி நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. “அந்தக் காவலாளியக்கூட மறந்துருவேன்ப்பா. இவன் பக்கத்துல நின்னு செல்லை நோண்டிக்கிட்டு இருந்தான் பாருங்க, அதத்தான் தாங்க முடியல. என் பையையும் பாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” சொல்லியிருக்கலாம். அந்த டேனியல் நின்ற இடத்தில் நான் நின்றிருக்கிறேன், தம்பி. அவனைவிட மோசமாக நின்றிருக்கிறேன்.

உனக்குச் செல்வராசு மாமாவை ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். நீ ஆரம்பப் பள்ளியில் படித்தபோது நம் வீட்டுக்கு வருவார். ஹீரோ ஹோண்டாவில் டேங்க் மேல் உன்னை உட்கார வைத்துத் தெருவைச் சுற்றி வருவார். ஒரு கட்டத்தில் வருவது நின்றுவிட்டது. ஏன் மாமா வருவதில்லை என்று நீ கேட்டாய். மதுரைக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்று சொன்னேன். அது பொய். அவர் எங்கும் மாற்றலாகவில்லை.

நானும் அவரும் அந்த விதை, உரக் கம்பெனியில் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே படிப்பு, ஒரே வேலை. தோட்டம் தோட்டமாகப் போய் விவசாயிகளிடம் பேசி விற்க வேண்டும். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். இருந்தும் அவர் என்னை ‘சார், நீங்க’ என்பார். நான் அவரை ‘செல்வராசு, வா, போ’ என்பேன். இது எங்கே ஆரம்பித்தது, யார் முடிவு செய்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். யாரும் முடிவு செய்யவில்லை. முதல் நாளே அப்படி அமைந்துவிட்டது. அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட என் காதில் அது உறுத்தவில்லை. அவர் நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அதை நான் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மற்ற நண்பர்கள் வந்து சாப்பிட்டதை யாரிடமும் சொன்னதில்லை. இவர் சாப்பிட்டதை மட்டும் சொன்னேன். நான் எப்பேர்ப்பட்டவன் என்று காட்டிக்கொள்ள அவர் சாப்பிட்ட சோறு எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

கம்பம், உத்தமபாளையம் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் விதையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். “தம்பிக்கு எந்த ஊரு?” ஊரைச் சொன்னால் அடுத்தது, “அங்கன யாரு வீடு?” தாத்தா பேரைச் சொல்வேன். “அட, நம்ம பய! உள்ள வாப்பா” என்று கட்டிலை இழுத்துப் போடுவார்கள். மோர் வரும். பேச்சு யார் யாரைக் கட்டியது என்று சுற்றி, கடைசியில் எத்தனை மூட்டை வேண்டும் என்பதில் வந்து நிற்கும். சரக்கைப் பற்றி நான் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அதே கேள்வியைச் செல்வராசுவிடம் கேட்பார்கள். “போடிங்க” என்பார். “போடியில எங்கன?” “டவுனை ஒட்டித்தாங்க.” “ஒட்டின்னா?” அங்கே அவர் எதையாவது சொல்லிச் சிரித்து, மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்ட ஆரம்பிப்பார். கேட்டவர் சிரிக்க மாட்டார். கட்டில் சுவரில் சாய்ந்தபடியே இருக்கும். செல்வராசுவுக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியவில்லை, அதனால்தான் வியாபாரம் படியவில்லை என்று நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவருக்கு அறிவுரைகூடச் சொன்னேன். “மனுசங்ககிட்ட மனசுவிட்டுப் பேசணும் செல்வராசு.”

மேனேஜர் எனக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீர் பாய்கிற பகுதியைக் கொடுத்தார். திராட்சையும் வாழையும் தென்னையும் இருக்கிற இடம். செல்வராசுவுக்கு ஆண்டிபட்டி, வருசநாட்டுப் பக்கம், மானாவாரிக் காடு. “உங்க முகராசிக்குப் பள்ளத்தாக்குதான் சரி” என்றார் மேனேஜர். நான் அந்த வார்த்தையை வீட்டில் வந்து உன் அம்மாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். சம்பளம் கூடியது. தேனியில் வாடகைக்கு வீடு பார்த்தோம். வீட்டுக்காரர் குலதெய்வம் எது என்று கேட்டார், சொன்னேன், அங்கேயே சாவியைக் கையில் கொடுத்தார். அதே காலத்தில் செல்வராசுவும் தேனியில் வீடு தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. தினமும் போடியிலிருந்து வண்டியில் வந்து போனார். வாடகையை மிச்சம் பிடிக்கிறார் என்று ஆபீசில் நாங்கள் கேலி செய்தோம். நீ இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது அந்த வீட்டிலிருந்துதான். நீ வாங்கிய மார்க் உன்னுடையது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ராத்திரி பகலாக நீ படித்ததைப் பார்த்தவன் நான். ஆனால் அந்தப் பள்ளிக்கூட வாசல்வரை உன்னைக் கொண்டுபோய் விட்டது என் திறமை என்று நீ நம்பிக்கொண்டிருந்தால், அது பாதி உண்மைதான். நம் தாத்தா பேரைச் சொன்னவுடன் இழுத்துப் போடப்பட்ட கட்டில்களும் அதில் இருக்கின்றன.

செல்வராசு சட்டையை இஸ்திரி போடாமல் ஒரு நாளும் வந்ததில்லை. அத்தனை தூரம் வண்டியில் வந்தாலும் கை மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். ஷூ பளபளக்கும். பையில் சின்ன சென்ட் பாட்டில் இருக்கும். நான் முந்தின நாள் போட்ட சட்டையோடு, தாடியோடு போய் நிற்பேன். “என்ன செல்வராசு, பொண்ணு பாக்கப் போறியா?” என்று கிண்டல் செய்வேன். ஒரு நாள் சின்னமனூர் டீக்கடையில் வைத்து அப்படிச் சொன்னபோது அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். “நீங்க கசங்கின சட்டையோட போகலாம் சார். சட்டை கசங்கியிருக்குன்னுதான் சொல்லுவாக. நான் போனா வேற சொல்லுவாக.” நான் அதைக் கேட்டுக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறினேன். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. புரிந்தது. புரிந்ததை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த வாரம் பள்ளத்தாக்கில் பதற்றம். ஓர் ஊரில் பேனரைக் கிழித்துவிட்டார்கள் என்று தொடங்கி, ரெண்டு பக்கத்து ஆட்களும் கல்லெறிந்துகொண்டு, பஸ்கள் குறைந்துவிட்டன. எனக்குச் சுருளிப்பட்டியில் ஒரு தோட்டத்துக்காரர் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். என் வண்டி ஒர்க் ஷாப்பில் கிடந்தது. செல்வராசுவின் வண்டியில் போகலாம் என்றேன். அவர் தயங்கினார். “ரெண்டு நாள் பொறுத்துப் போவோம் சார். ரோடு சரியில்லங்கிறாக.” நான் அவர் தோளில் தட்டினேன். “நான் கூட இருக்கேன்ல? உனக்கு என்ன ஆகப்போகுது?” இந்த வாக்கைக் கொடுத்தது நான். இதை நீ மறந்துவிடாதே.

ஆர்டர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. உத்தமபாளையம் தாண்டி ஓர் ஊர் முனையில் ரோட்டில் கல்லும் முள்ளும் போட்டிருந்தது. கையில் கம்போடு ஏழெட்டு இளவட்டங்கள். “வண்டிய ஓரங்கட்டு” என்றான் ஒருவன். செல்வராசு ஓட்டினார், நான் பின்னால் இருந்தேன். முதலில் என்னைத்தான் கேட்டார்கள். எந்த ஊர், யார் வீடு. தோட்டங்களில் மோர் கொடுப்பதற்கு முன்னால் கேட்கிற அதே கேள்வி, அதே வரிசை. சொன்னேன். பின்னால் இருந்து ஒருவன் முன்னே வந்தான். “ஏலே, கம்பக் கீழ போடுங்கலே. இது நம்ம அண்ணன். எங்க தோட்டத்துக்கு வருவாக.” முத்துவேல். எனக்குத் தூரத்துச் சொந்தம். அவனுடைய அப்பாவுக்கு நான்தான் திராட்சைக்கு உரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அத்தனை பேருக்கு முன்னால் அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டது எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

பிறகு அவன் செல்வராசுவிடம் திரும்பினான். “நீ எந்த ஊரு?” “போடி.” “போடியில எங்கன?” செல்வராசு வண்டியின் பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கம்பெனில கூட வேலை பாக்குறவன்ப்பா.” அவ்வளவுதான் சொன்னேன். என் சிநேகிதன் என்று சொல்லவில்லை. என் மகன் மாமா என்று கூப்பிடுகிற ஆள் என்று சொல்லவில்லை. ‘பாக்குறவர்’ என்றுகூட என் வாயில் வரவில்லை.

“அது தெரியுதுண்ணே. எந்தத் தெருன்னு கேக்கோம்” என்றான் முத்துவேல்.

செல்வராசு என்ஜினை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, இறங்கி நின்றார். “காலனி” என்றார். சத்தமாக, தெளிவாகச் சொன்னார். எல்லாத் தோட்டத்திலும் மழுப்பிய ஆள் அங்கே மழுப்பவில்லை.

“நீங்க போங்கண்ணே” என்றான் முத்துவேல் என்னிடம். “இவன் பெறகு வருவான்.” அந்த நேரம் திராட்சைப் பெட்டி ஏற்றின மெட்டடோர் வேன் ஒன்று வந்தது. அதை மறித்து, “அண்ணனைத் தேனியில எறக்கி விட்டுரு” என்றான். டிரைவர் பக்கத்து இருக்கையில் இருந்த சாக்கை எடுத்துப் போட்டான். ஒரு பையன் துண்டால் அந்த இடத்தைத் தட்டிவிட்டான், நான் உட்காருவதற்கு. நான் ஏறி உட்கார்ந்தேன். தம்பி, என்னை யாரும் மிரட்டவில்லை. என் மேல் ஒரு கை படவில்லை. “அவர் வராம நான் போகல” என்று நான் கீழேயே நின்றிருந்தால், முணுமுணுத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் விட்டிருப்பார்கள். என்னை அடிக்க அவர்களுக்குத் துணிச்சல் கிடையாது, அவர்கள் அப்பன்மாருக்கு என்னைத் தெரியும். பயந்து ஓடினேன் என்றால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். பயப்பட எனக்கு எதுவுமே இல்லை.

வண்டி கிளம்பியதும் திரும்பிப் பார்த்தேன். செல்வராசு சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். கழற்றினதை அந்த நிலையிலும் மடித்தார். ஒருவன் அதைப் பிடுங்கி முள்ளில் எறிந்தான். பிறகு அவர் குனிந்து ஷூவை அவிழ்த்தார். வளைவு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஷூவைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, வெறும் உடம்போடு, வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த ஊர்த் தெருக்கள் எல்லாம் நடக்க வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு வாசலில் நின்று பார்த்திருக்கிறார்கள். நான் வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, “என்ன, பஸ்ஸுல வந்தீகளா?” என்றாள். வண்டி பஞ்சர் என்றேன்.

மறுநாள் காலையில் அவர் ஆபீசுக்கு வந்தார். இஸ்திரி போட்ட வேறொரு சட்டை. காலில் ரப்பர் செருப்பு. நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “வெவரம் தெரியாத பயலுக, மனசுல வச்சுக்காத” என்றேன். “ராத்திரியே வக்கீலப் பாத்தேன் சார்” என்றார். “கேஸ் குடுக்கலாமாம். சாட்சி வேணுங்கிறாரு. உங்களுக்கு அவன் பேரு, அப்பன் பேரு எல்லாம் தெரியும்ல? நீங்க பாத்ததச் சொன்னாப் போதும்.” நான் உடனே பதில் சொன்னேன். யோசித்துச் சொன்னேன், தவித்துச் சொன்னேன் என்று உன்னிடம் காட்டிக்கொள்ள முடியாது. “நான்தான் முன்னாலயே கெளம்பிட்டேனே செல்வராசு. நான் என்னத்தப் பாத்தேன்?” “சரி சார்” என்றார். சாட்சி இல்லாமல் கொடுத்த புகார் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டுவிட்டார். சுருளிப்பட்டி ஆர்டருக்காக அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அவர் பெரியகுளத்துப் பக்கம் மாங்கன்று நாற்றுப்பண்ணை போட்டிருக்கிறார் என்று அப்போதே தெரியும். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போனால் கொஞ்ச தூரம்தான். இத்தனை வருடமும் நான் அந்த ரோட்டில் இறங்கியதில்லை. நீ பேசிய மறுநாள் போனேன். கன்றுகளுக்கு நடுவில் யாரோ வாங்க வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. சட்டை மடிப்பு அதேபடி இருந்தது. என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது, ஆனால் வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தார். நாற்காலி போடச் சொன்னார்.

“நல்லா இருக்கீகளாண்ணே?” என்றேன்.

“புதுசா அண்ணேங்கிறீக” என்றார்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. “அன்னைக்கு நான் ஒண்ணும் பாக்கலன்னு சொன்னேன். பாத்தேன். மெட்டடோர்ல இருந்து திரும்பிப் பாத்தேன்.”

“தெரியும்” என்றார். “நானும் ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எறங்கிருவீகன்னு நெனச்சேன். வளைவு வரைக்கும் நெனச்சேன்.”

பிறகு, “இப்ப எதுக்கு வந்தீக?” என்றார். உனக்கு நடந்ததைச் சொன்னேன். கடை, காவலாளி, பை, டேனியல் எல்லாம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். “ஓ” என்றார். “தம்பிக்கு நடந்த பெறகுதான் ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு உட்கார்ந்திருக்கச் சுலபமாக இருந்திருக்கும். அப்புறம் உன்னைப் பற்றி விசாரித்தார். குளிருக்கு நல்ல கோட்டு வாங்கினாயா என்று கேட்டார். அவருடைய மகள் சென்னையில் வேலையில் இருக்கிறாளாம். “பாப்பா வீடு தேடுது. போன்ல நல்லாத்தான் பேசுறாகளாம். நேர்ல போயி ரெண்டு கேள்வி கேட்ட பெறகு, சொந்தக்காரங்க வர்றாக, வீடு இல்லன்னுருறாகளாம். இப்ப ஹாஸ்டல்ல கெடக்கு.”

நான் எழுந்து மன்னிப்புக் கேட்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “அதக் கேட்டுட்டுப் போயிராதீக. கேட்டீகன்னா நீங்க எறக்கி வச்சுட்டுப் போயிருவீக. எங்கிட்ட வந்து பாத்தேன்னு சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. ஒங்க ஆளுககிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னா வாசல்லயே நிப்பாட்ட மாட்டாக. உள்ள கூப்பிட்டு ஒக்கார வச்சுக் கேப்பாக.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னைப் பற்றித்தான் யோசித்தேன். டேனியலோடு பேசுவதை நீ நிறுத்திவிட்டதாகச் சொன்னாய். நிறுத்துவது உன் உரிமை. ஆனால் முடிந்தால் அவனிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்து. ‘நீ எதைப் பார்த்துக்கொண்டு நின்றாய் என்று எனக்குத் தெரியும்’ என்று சொல். அவன் இந்த வயதிலேயே அதைக் கேட்டுக்கொள்ளட்டும். என்னிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே மனிதர், சரி சார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார், ஏனென்றால் சொல்வதற்குக்கூட நான் அவருக்கு இடம் வைக்கவில்லை. இன்னொன்றையும் நீ யோசிக்க வேண்டும். அங்கே பையைத் திறந்து காட்டுகிற நீ, விமானம் ஏறி மதுரையில் இறங்கி, வீரபாண்டியைத் தாண்டி நம் பள்ளத்தாக்குக்குள் வந்தால் வேறு ஆள். இங்கே யாரும் உன் பையைத் திறக்கமாட்டார்கள். உன் சட்டை கசங்கியிருந்தால் பயணக் களைப்பு என்பார்கள். இரண்டு இடத்திலும் நீ ஒரே பிள்ளைதான். அங்கே உனக்கு அப்படி நடப்பதற்கு நீ எதுவும் செய்யவில்லை. இங்கே உனக்குக் கிடைப்பதற்கும் நீ எதுவும் செய்யவில்லை. அங்கே வந்த கோபத்தை இங்கே வரும்போது இறக்கி வைத்துவிட்டு வராதே.

போன வாரம் முத்துவேல் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு இப்போது பெரிய வீடு, ஊரில் நல்ல செல்வாக்கு. செல்வராசு சொன்னபடியே நடந்தது. “வாங்கண்ணே, எம்புட்டு நாளாச்சு” என்று சோபாவில் உட்கார வைத்தான். அவன் மனைவி, அண்ணன், இன்னும் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நான் சொன்னேன். நீ இன்ன இடத்தில் வண்டியை மறித்தாய், இன்னாரைச் சட்டையைக் கழற்ற வைத்தாய், நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று அன்றைக்குப் பொய் சொன்னேன், நீ செய்தது அயோக்கியத்தனம், நான் செய்தது அதற்குக் குறைந்ததில்லை என்று சொன்னேன். சண்டை வரும், வெளியே போ என்பான் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவனுக்கு யாரைச் சொல்கிறேன் என்றே முதலில் பிடிபடவில்லை. எத்தனையோ பேரில் ஒருவர் போலிருக்கிறது. பிறகு சிரித்தான். “அதா? அதெல்லாம் எளந்தாரி வயசுண்ணே. நீங்க இன்னமுமா அத நெனச்சுக்கிட்டு இருக்கீக? ஏத்தா, அண்ணனுக்குக் காபி கொண்டா.” காபி வந்தது. “பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுறீகளா?” என்று அவன் அண்ணன் கேட்டான். அத்தனையும் சொன்ன பிறகும் நான் அவர்களுக்கு ‘நம்ம அண்ணன்’தான். அவர்களைக் குற்றம் சொல்லக்கூட எனக்கு அந்த வீட்டில் சலுகை இருந்தது. காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன் என்று எழுதினால் உனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் நன்றாகத் தோன்றும். குடித்தேன், தம்பி. பேசிக்கொண்டே இருந்த என் கையில் கொடுத்தார்கள், பழக்கத்தில் குடித்துவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்தபோதுதான் தெரிந்தது.

வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்று செல்வராசு அண்ணனுக்குப் போன் செய்தேன். நம்பரை அன்றைக்கே வாங்கியிருந்தேன். எடுப்பார் என்று நினைக்கவில்லை, எடுத்தார். சொல்லிவிட்டேன் என்றேன்.

“என்ன சொன்னாக?”

“சிரிச்சாக. காபி குடுத்தாக.”

அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். நான் கேட்டுப் பல வருடம் ஆன சிரிப்பு. ஆனால் அதில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை என்று தெரிந்தது. “குடுப்பாக” என்றார். “அது ஒரு வீடு. மத்த வீடுகளுக்கு எப்பப் போறீக?” என்று கேட்டுவிட்டு, ஆள் வந்திருக்கிறது, கன்று எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்.

நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சர் என்று அன்றைக்குச் சொன்னதை அவள் அப்போதே நம்பவில்லையாம். கேட்டால் நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்து கேட்காமல் இருந்துவிட்டாளாம். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, தேனியில் நமக்குச் சொந்தமாகிவிட்ட இந்த வீட்டின் மாடி காலியாக இருந்தபோதெல்லாம் யார் யாரைத் திருப்பி அனுப்பினோம் என்று அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். நாளைக் காலையில் இரண்டு பேரும் இதையெல்லாம் சொல்ல உன் பெரியப்பா வீட்டுக்குப் போகிறோம். அங்கே சிரிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கோபப்படுவார்கள். உனக்குக் கல்யாணம் என்று வரும்போது அவர் வராமல் போகலாம். அதை உனக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள், சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா